குட்டான் பின்னலில் ஒரு காப்பு

பேர்மிங்ஹாம்

அன்புள்ள அம்மம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? இன்னும் வெயிலுக்குள் இருந்துதான் ஓலை வார்கிறீர்களாம், தங்கச்சி சொன்னாள். விறாந்தையில் இருந்து செய்தால் என்ன?

நகை வேலை பழகுகிறேன் என்றதும் "தட்டாற்ற வேலை உனக்கேன்" என்று சிரித்தீர்கள். போனில் சொன்னால் விளங்காது, அதுதான் எழுதுகிறேன். இங்கே ஜுவலரி குவார்ட்டர் என்று ஒரு பகுதி. 200 வருடத்துக்கு மேலாக நகைக்காரர் பட்டறை போட்ட தெருக்கள். வேலையில்லாத நாட்களில் அங்கே வகுப்புக்குப் போகிறேன். நீங்கள் வந்து பார்த்தால் பாதிச் சாமான் உங்களுக்கே தெரியும்: குறடு, அரம், கம்பியச்சு, வெங்காரம். ஊதுகுழல் இல்லை, காஸ்தான்.

குடும்ப நகை ஒன்றைக் கொண்டுவாருங்கள், அதை வைத்துப் புதிதாக ஒன்று செய்யலாம் என்றார் ஆசிரியை. எங்கள் வீட்டில் ஏது? அம்மாவின் தாலிக்கொடி முதற்கொண்டு எல்லாம் 2009இல் அரிசிக்கும் பால்மாவுக்கும் போனது உங்களுக்குத் தெரியாததா. நீங்கள் பனையோலையில் இழைத்து, பனங்கட்டி போட்டு அனுப்பிய குட்டான் இருந்தது. அதைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். வாசம் இன்னும் போகவில்லை. ஆளாளுக்கு மணந்து பார்த்தார்கள்.

பக்கத்து மேசை அக்காவின் குடும்பம் டிரினிடாட்டில் இருந்து வந்தது. கையில் வாய் திறந்த வெள்ளிக் காப்பு, இரண்டு நுனியிலும் கொக்கோக் காய். 1845இலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய இந்தியர்களோடு அங்கே போய்ச் சேர்ந்த காப்பு வகை அது. அந்த மண்ணில் கொக்கோ விளைந்தது, காப்பின் நுனியிலும் கொக்கோ ஏறிவிட்டது. இந்த அக்காவின் முன்னோர் ஆபிரிக்கர். அவருடைய அம்மம்மாவும் இதைத்தான் போட்டாராம். அப்படியென்றால் இது யாருடைய காப்பு என்று கேட்டேன். "என்னுடையது" என்றார், அவ்வளவுதான். அந்தப் பதில் எனக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது.

சரி, என் காப்புக்கு வருகிறேன். வெள்ளித் தகட்டை மெல்லிய கீலங்களாக நறுக்கி, நீங்கள் இழைக்கிற மாதிரியே ஒன்று விட்டு ஒன்றாக இழைக்கிறேன். ஓலைக்கு நீங்கள் தண்ணீர் தெளிப்பீர்கள். வெள்ளிக்கு நெருப்புக் காட்டவேண்டும். மடிக்க மடிக்க விறைத்துப்போகும். மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கித் தண்ணீரில் போட்டால் திரும்ப இளகும். கொஞ்சம் பராக்குப் பார்த்தால் விளிம்பு உருகிவிடும். சாயவோலையின் சிவப்பும் ஊதாவும் மட்டும் வெள்ளியில் வராது.

விற்பதென்றால் முத்திரை வேண்டும். 7.78 கிராமுக்கு மேற்பட்ட பொருளை இங்கே முத்திரை இல்லாமல் வெள்ளி என்று சொல்லி விற்க முடியாது. 1773இல் தொடங்கிய பரிசோதனை அலுவலகம் ஒன்று இருக்கிறது. 1000க்கு 925 பங்கு வெள்ளி என்று சோதித்து, இந்த நகரத்தின் அடையாளமான நங்கூரத்தையும் அடித்துத் தருகிறார்கள். கடலே இல்லாத ஊருக்கு நங்கூரம்! முல்லைத்தீவில் பிறந்த நீங்கள்தான் சிரிக்கவேண்டும். பக்கத்தில் செய்தவரின் எழுத்தும் இருக்கும். அப்பாவின் முதலெழுத்தை முன்னுக்குப் போட்டு, பின்னால் என்னுடையதைப் போட்டேன்.

கைவினைச் சந்தையில் ஒரு வெள்ளைக்கார அம்மா மயில், மாங்காய் எல்லாம் இல்லையா என்று கேட்டார். வயலில் இறங்கி நெல்லைத் தின்கிற மயிலை அப்பா தகரம் தட்டிக் கலைத்ததுதான் எனக்கு ஞாபகம். அதை நகையில் வைக்க மனம் வரவில்லை. கோயிலில் எங்கள் ஆட்களோ, "பவுண் எண்டால் சரி, வெள்ளியை ஆர் போடுறது?" என்றார்கள். இங்கே கடைகளில் 9 கரட் தங்கமே தாராளமாக விற்கிறது, அதில் 1000க்கு 375 பங்குதான் பொன். அதைச் சொன்னால் மயங்கி விழுந்துவிடுவார்கள். இரண்டு பக்கத்துக்கும் பிடிக்கிற மாதிரிச் செய்ய வெளிக்கிட்டால் ஒன்றும் உருப்படாது. நான் குட்டானையே பிடித்துக்கொண்டேன்.

ஒரு உதவி வேண்டும். குட்டான் வாயில் ஓலை நுனிகளை மடித்து உள்ளே செருகுவீர்களே, வெள்ளி அந்த மடிப்பில்தான் வெடிக்கிறது. தங்கச்சியைக் கிட்ட வைத்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மெதுவாகச் செய்யுங்கள், உங்கள் கை ஓடுகிற வேகத்துக்குப் போன் ஈடுகொடுக்காது. அப்புறம், உங்கள் மணிக்கட்டை நூலால் அளந்து அனுப்புங்கள். வெள்ளி வேண்டாம் என்று மட்டும் சொல்லக்கூடாது.

அன்புடன்,
உங்கள் பேத்தி