பேனர் ஓரம் தைக்க ஒரு மெஷின்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நம் பொதுத் தையல்கூடத்துக்கு, பேனர் ஓரம் மடித்துத் தைப்பதற்கென்றே ஒரு கனரகத் தையல் மெஷின் வாங்க வேண்டியிருக்கிறது. அதற்கு உங்களிடம் நன்கொடை கேட்டு இதை எழுதுகிறோம்.

கேட்பதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அன்பர் ஒருவர் தன்னிடமிருந்த மெஷினை இனாமாகவே தர முன்வந்தார். ஓட்டிப் பார்த்துவிட்டு, குழு அதை நன்றியோடு திருப்பித் தந்துவிட்டது. "சும்மா வந்ததை விட்டுவிட்டு இப்போது வசூலுக்கு வருகிறார்களே" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. ஆனால் தையல் மெஷினில் பார்க்க வேண்டியதே பல்லைத்தான்.

அந்த மெஷினில் குறை ஒன்றும் இல்லை. சட்டை தைக்கிற ஒற்றை ஊசி மெஷின், நிமிடத்துக்கு 5000 தையல் வரை பாயக்கூடிய வகை. அதில் துணியை நகர்த்துவது அடியில் இருக்கும் பல் மட்டுமே. மேலே இருக்கும் பாதம் சும்மா அழுத்திக்கொண்டிருக்கும். பருத்தித் துணிக்கு அது போதும். ஃபிளக்ஸின் பிளாஸ்டிக் பூச்சோ உலோகப் பாதத்தில் ஒட்டிக்கொள்கிறது. அடி அடுக்கு நகர்கிறது, மேல் அடுக்கு பின்தங்குகிறது. 3 மீட்டர் ஓரம் தைத்து முடித்தபோது மேல் மடிப்பு இரண்டு விரற்கடை மிஞ்சி நின்றது. அதைச் சுருக்கி அமுக்கித்தான் தையலை முடித்தோம். தூக்கிக் கட்டிப் பார்த்தால் ஓரம் முழுக்க அலை. அடிப்பக்கத்தில் பல் கடித்த தடம் வேறு, தண்டவாளம் மாதிரி.

மூலைக்கு வந்ததும் கதை முடிந்தது. ஓரத்தை இரண்டு முறை மடித்தால் 3 அடுக்கு. இரண்டு ஓரம் சந்திக்கும் மூலையில் 3 பெருக்கல் 3, ஆக 9 அடுக்கு. நடுவில் நாடாவும் வைத்திருந்தோம். பாதம் அந்த மேட்டில் ஏற மாட்டாமல் முட்டி நின்றது. ஊசி ஒரே இடத்தில் நாலைந்து முறை குத்தியது. 'டிக்' என்று ஒரு சத்தம். ஊசியின் முனையைத் தேடவே கால்மணி நேரம் ஆயிற்று. கண்ணாடி போட்டிருந்தவர் தைத்ததால் பயமில்லாமல் போயிற்று.

"தைப்பானேன், டேப் ஒட்டி ஐலெட் (கயிறு கோக்கும் உலோக வளையம்) அடித்தால் போதாதா?" என்றும் கேட்கிறார்கள். நிழலில், ஒருநாள் நிகழ்ச்சிக்கு, தாராளமாகப் போதும். வெயிலில் பசை இளகும், காற்றில் பிரியும். 3 மீட்டருக்கு 6 மீட்டர் பேனர் ஒன்றில், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகக் காற்று நேராக மோதினால் அதன் மேல் விழும் விசை 140 கிலோ எடைக்குக் குறையாது. காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. அத்தனையையும் தாங்குவது நாலு பக்க ஓரமும் அதில் அடித்த ஐலெட்டும்தான். (காற்று போகட்டும் என்று நடுவில் பிறை வடிவில் வெட்டிவிடும் பழக்கத்தில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. காற்றுக்கு வழி கிடைப்பதைவிடக் கிழிசலுக்குத்தான் வழி கிடைக்கிறது.) சூடான காற்றில் உருக்கி ஒட்டும் முறை நல்ல முறைதான், ஆனால் ஃபிளக்ஸ் போலப் பிளாஸ்டிக் பூச்சு உள்ளவற்றுக்கு மட்டும். நம்மிடம் வருவதில் பாலியெஸ்டர் துணி பேனரும் வலை பேனரும் உண்டு. மூன்றுக்கும் பொதுவானது தையல்.

நாங்கள் கேட்கும் மெஷின், பொதுவாக 'வாக்கிங் ஃபுட்' என்கிறோமே, அந்த வகை. அந்தப் பெயரிலேயே சில ரகம் இருப்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறோம். சிலவற்றில் பாதமும் பல்லும் மட்டும் நடக்கும். நமக்கு வேண்டியது ஊசியும் சேர்ந்து நடப்பது. ஊசி அடுக்குகளுக்குள் இறங்கி, இறங்கிய நிலையிலேயே பல்லோடு சேர்ந்து பின்னால் போகும். பாதம் இதில் இரண்டு; உள்பாதமும் கூடவே போகும். அவை திரும்பி வரும்வரை வெளிப்பாதம் துணியை விடாமல் பிடித்திருக்கும். குத்திய ஊசியே எல்லா அடுக்கையும் கோத்து இழுப்பதால் மேலடுக்கு பின்தங்காது. மூலை மேட்டிலும் பாதங்கள் மாறி மாறி ஏறி இறங்கிவிடும். ஜூகி 1541 இந்த வகையில் பலருக்கும் தெரிந்த மாடல். அதே அமைப்பில் வேறு கம்பெனிகளும் செய்கின்றன. வேகம் நிமிடத்துக்கு 2500 தையல்தான். தையல் நீளத்தை 9 மில்லிமீட்டர் வரை வைக்கலாம். நமக்கு இந்த இரண்டாவது எண்தான் முக்கியம். ஃபிளக்ஸில் பொடித் தையல் போட்டால் அஞ்சல் தலை ஓரம் மாதிரி வரிசையாக ஓட்டை விழும், இழுத்தால் அந்தக் கோட்டிலேயே கிழியும். 6 மில்லிமீட்டர் வாக்கில் வைத்தால் நிற்கும்.

குழுவில் அதிகம் சண்டை நடந்தது மெஷினின் கை நீளம் பற்றி. ஊசிக்கு வலப்பக்கம் நிறைய இடம் இருக்கும் நீள்கை மெஷின் வேண்டும், பெரிய பேனரைச் சுருட்டி உள்ளே தள்ளலாம் என்று இருவர் பிடிவாதமாக நின்றார்கள். ஒரு போர்வையை வைத்து ஒத்திகை பார்த்தோம். ஓரம் தைக்கும்போது பேனரின் உடம்பு முழுக்க ஊசிக்கு இடப்பக்கம் கிடக்கிறது. கைக்கு அடியில் போவது மடிப்பு மட்டும். இரண்டு பேனரை நடுவில் இணைத்து, மடித்து மேல்தையல் போடும்போதுதான் ஒன்றைச் சுருட்டிக் கைக்கு அடியில் விட வேண்டியிருக்கிறது. அந்த வேலை நம்மிடம் எப்போதாவது வருவது. அதற்காக நீள்கைக்குச் செலவழிப்பது யானை வாங்கி அங்குசத்துக்குக் காசில்லாமல் நிற்கிற கதை.

இங்கே அங்குசம் என்பது மேசை. கனமான பேனரை மெஷின் இழுக்கக் கூடாது, மேசை தாங்க வேண்டும். விளிம்பில் தொங்கும் பேனர் தன் எடையால் பின்னுக்கு இழுக்கும். ஊசி வளைந்து தட்டில் இடிக்கும். தையல் தாவும், நூல் அறும். பழி மெஷின் மேல் விழும். ஆகையால் இடப்பக்கமும் பின்பக்கமும் மெஷின் தட்டின் மட்டத்துக்கே நீட்டிய, வழுக்கும் பரப்புள்ள மேசை வேண்டும். இதை மட்டும் யாரும் குறைத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள்.

மோட்டார் சர்வோ வகைதான். பழைய கிளட்ச் மோட்டார் சுவிட்சைப் போட்டது முதல் அணைக்கும்வரை உறுமிக்கொண்டே சுற்றும். புதிதாகக் கற்க வருகிறவர் பெடலைத் தொட்டதும் மெஷின் பாய்ந்தால் பேனர் மட்டுமல்ல, விரலும் போகும். சர்வோவில் மிதித்தால்தான் சுற்றும். மூலையில் ஒவ்வொரு தையலாகக் கூட எடுத்து வைக்கலாம்.

இந்த மாதிரி மெஷினில் தலை (தைக்கும் பாகம்), ஸ்டாண்டோடு மேசை, மோட்டார் எல்லாம் தனித்தனியாக வாங்கக்கூடியவை. ஆகவே நன்கொடையையும் அப்படியே பிரித்து வைத்திருக்கிறோம். பெருந்தொகை முழுவதையும் ஒருவர் சுமக்க வேண்டாம். ஒரு குடும்பம் மோட்டாரை ஏற்கலாம். நாலு நண்பர்கள் சேர்ந்து மேசையை ஏற்கலாம்; மரமும் தச்சு வேலையும் தந்தாலும் சரி. ஓரத்தைத் தானே மடித்துக் கொடுக்கும் ஃபோல்டர், ஃபிளக்ஸில் தடம் விழாத வழுவழுப்பான பாதம், சாய்ந்து எரியும் சின்ன விளக்கு ஆகியவை சிறு தொகையில் முடியும். அதைவிடச் சின்னது நூலும் ஊசியும். நூல் வாங்கித் தருவதானால் தடித்த பாலியெஸ்டர் நூலாகவே பாருங்கள், நூலின் பருமனைச் சொல்லும் டெக்ஸ் கணக்கில் 90. நைலான் வெயிலில் சீக்கிரம் நைந்துவிடும். அதற்கு ஊசி 18 அல்லது 19 ஆம் எண்.

தலை மட்டும் நல்ல நிலையில் பழையதாகக் கிடைத்தாலும் வாங்குவோம். யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், ஆனால் ஓட்டிப் பார்த்துத்தான் எடுப்போம். இனாமாகத் தந்தாலும் அப்படியே, கோபித்துக்கொள்ளக் கூடாது.

நன்கொடையைப் பொருளாளரிடம் தந்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். எந்தப் பகுதிக்கு என்று குறிப்பிட்டால் அந்தப் பகுதிக்கே எழுதப்படும். வரவு செலவுக் கணக்கு கூடத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். ஒருவேளை மெஷின் வாங்க முடியாமல் போனால் பணம் அப்படியே திருப்பித் தரப்படும். மெஷின் வந்தபின் உறுப்பினர் அமைப்புகள் எல்லாவற்றுக்கும் முறை வைத்து நாள் ஒதுக்கப்படும். அதிகம் தந்தவருக்கு முன்னுரிமை என்பது கிடையாது.

இன்னொரு உதவி, காசில்லாதது. கிழிந்த பழைய பேனர் இருந்தால் எறிந்துவிடாமல் கூடத்தில் கொண்டுவந்து போடுங்கள். மெஷின் பார்க்கப் போகும் அன்று அவற்றில் ஓரமும் நாடா வைத்த மூலையும் மடித்து எடுத்துப்போக உத்தேசம். விற்பவர் தன் துணித்துண்டில் தைத்துக் காட்டுவது எப்போதும் அழகாகத்தான் இருக்கும். நம் மூலையில், அந்த 9 அடுக்கில், ஊசி உடையாமல் தைக்கிற மெஷினுக்குத்தான் முன்பணம் கொடுப்போம்.

இப்படிக்கு,
மெஷின் வாங்கும் குழு,
பொதுத் தையல்கூடம்