அடங்காத மகனைப் பற்றிய கட்டளை

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அடங்காத மகனைப் பெற்றோரே மூப்பரிடம் கொண்டுபோய்க் கல்லெறிந்து கொல்ல ஒப்புக்கொடுக்கச் சொல்லும் உபாகமம் 21-ஆம் அதிகாரத்தை வாசித்தபின் வேதத்தைத் திறக்கவே மனம் வரவில்லை என்று எழுதியிருந்தாய். "அது பழைய ஏற்பாட்டுக் காலம்" என்று நம் பிரசங்கிமார் ஒரே வரியில் தாண்டிப் போவது எனக்கும் திருப்தி தந்ததில்லை. அப்படித் தாண்ட வழியில்லாமல், அதைத் தங்கள் சொந்தச் சட்டமாகவே சுமந்த யூத ரபீமார், அதாவது அவர்களுடைய வேத போதகர்கள், என்ன செய்தார்கள் என்பதைச் சொல்கிறேன்.

கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட அவர்களுடைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், சன்ஹெத்ரின் என்னும் பகுதியின் 8-ஆம் அதிகாரத்தில் இது பேசப்படுகிறது. அவர்கள் வசனத்தில் ஓர் எழுத்தையும் நீக்கவில்லை. ஒவ்வொரு சொல்லையும் இறுகப் பற்றிக்கொண்டார்கள். மகன் என்றிருப்பதால் மகள் இதில் அடங்காள். சிறுவனை இன்னும் கட்டளைகள் கட்டுப்படுத்துவதில்லை, முழு ஆளாக வளர்ந்தவனோ மகன் என்ற நிலையைக் கடந்தவன், ஆகவே இடைப்பட்ட குறுகிய காலம்தான் மிஞ்சுகிறது. அவன் தகப்பனிடம் திருடி, வேற்றிடத்தில், இன்ன அளவு இறைச்சியும் திராட்சரசமும் உட்கொண்டிருக்க வேண்டும். தாய் தகப்பன் இருவரும் சம்மதிக்க வேண்டும். அவனைப் "பிடித்து" என்றிருப்பதால் இருவரில் ஒருவருக்கும் கை ஊனமிருக்கலாகாது. "கொண்டுபோய்" என்பதால் கால் ஊனமும் கூடாது. முதல் முறை எச்சரிக்கையும் அடியும்தான். மறுபடியும் செய்தால் மட்டுமே 23 நீதிபதிகள் விசாரிப்பார்கள். மிஷ்னாவை விளக்கி வாதிக்கும், பின்னர் வந்த தல்மூத் என்னும் நூலில் ரபி யெகூதா, தாயும் தகப்பனும் குரலிலும் தோற்றத்திலும் உயரத்திலும் ஒத்திருக்க வேண்டும் என்கிறார். உன் அம்மாவையும் என்னையும் அருகருகே நிறுத்திப் பார். உன் அண்ணன் அந்த ஒன்றிலேயே தப்பித்துவிடுவான்.

இத்தனைக்கும் பிறகு தல்மூத் சொல்கிறது: இப்படியொரு மகன் இருந்ததுமில்லை, இருக்கப்போவதுமில்லை, ஆராய்ந்து பலன் பெறவே அது எழுதப்பட்டது.

ஆனால் ரபீமார் எல்லாரும் இரக்கத்தின் பக்கம் நின்றார்கள் என்று எண்ணிவிடாதே. தல்மூதின் அதே ஏட்டில் ரபி யோனத்தான், "நான் அவனைக் கண்டேன், அவன் கல்லறையின்மேல் உட்கார்ந்தேன்" என்று மறுக்கிறார். பின்னாளில் வழிப்பறிக்காரனாகிக் குற்றத்தோடு சாவதைவிட இப்போதே குற்றமற்றவனாகச் சாகட்டும் என்ற கடுமையான விளக்கமும் அங்கேயே இருக்கிறது. ஒரு தகப்பனாக என்னால் அதை ஏற்க முடியவில்லை. மரண தண்டனையைப் பற்றிய வாதமும் இப்படித்தான் பதிவாகியிருக்கிறது. தாங்கள் நியாயம் விசாரிக்கும் ஆலோசனைச் சங்கத்தில் இருந்திருந்தால் ஒருவனும் கொல்லப்பட்டிருக்கமாட்டான் என்று ரபி தர்போனும் ரபி அக்கிவாவும் சொல்ல, அப்படியானால் இஸ்ரவேலில் கொலைகாரர்களே பெருகுவார்கள் என்று ரப்பான் சிமியோன் பென் கமாலியேல் எதிர்த்தார். மனச்சாட்சி உறுத்தியபோது வசனத்தைக் கிழித்தெறியாமலும், உறுத்தலை அடக்கிக்கொள்ளாமலும், எதிர்க்குரலையும் காப்பாற்றி வைத்துக்கொண்டு வாதாடினார்களே, அதனால்தான் இவர்களை நான் நம்பி வாசிக்கிறேன்.

நீ கேட்ட "கண்ணுக்குக் கண்" தல்மூதின் பாபா காமா என்னும் பகுதியில் வருகிறது. அங்கே அது பணமாகிறது: சேதம், வலி, வைத்தியச் செலவு, வேலையிழப்பு, அவமானம் என்று ஐந்துக்கும் ஈடு கட்ட வேண்டும். குருடன் ஒருவன் இன்னொருவனைக் குருடாக்கினால் எந்தக் கண்ணைப் பிடுங்குவீர்கள் என்று அதில் ஒரு கேள்வி வரும். அந்த வாதத்தை முதலில் வாசித்துவிட்டு எழுது.

அன்புடன்,
அப்பா