கானோவின் குதிரை ஊர்வலமும் அரியணைப் பூசலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நைஜீரியாவின் பாரம்பரிய மன்னர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, அவர்களை அலங்காரப் பதவியினராகவும் அவர்களது விழாக்களைச் சுற்றுலாக் காட்சிகளாகவும் சித்திரித்திருந்தது. அந்நாட்டின் 1999ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் மன்னர்களுக்கு ஆட்சிப் பொறுப்பு எதையும் அளிக்கவில்லை என்பது உண்மையே. ஆனால், விழாக்களைப் பற்றிய கருத்தை ஏற்க இயலவில்லை.

வட நைஜீரியாவில் ஹௌசா மக்களின் பெருநகரான கானோவில் நோன்புப் பெருநாளையும் தியாகத் திருநாளையும் ஒட்டிப் பல நாள்கள் நடைபெறும் தர்பார் என்னும் குதிரை ஊர்வலத்தையே எடுத்துக்கொள்வோம். வெள்ளைத் தலைப்பாகையில் இரு காதுகள்போல் முடிச்சு நிமிர்ந்து நிற்க, சுழலும் பெருங்குடையின் நிழலில் எமிர் என்னும் இஸ்லாமிய மன்னர் குதிரையில் வருவார். குதிரை வீரர்கள் அவரை நோக்கிப் பாய்ந்து வந்து, சில அடி தொலைவில் கடிவாளத்தை இழுத்து நிறுத்தி, கையை உயர்த்தி வணங்குவார்கள். யார் எமிருக்குக் கட்டுப்பட்டவர் என்பதை ஊரறியச் சொல்லும் சடங்கு இது. அதே விழாவில் ஒருநாள் எமிரே ஊர்வலமாக மாநில ஆளுநர் மாளிகைக்குச் சென்று மரியாதை செலுத்துவார். ஆங்கிலேய அதிகாரியைக் காணச் சென்ற காலத்தின் எச்சம் அது. (அங்கு ஆளுநர் நம் நாட்டைப்போல் நியமிக்கப்படுபவர் அல்லர், மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர்.)

அந்த ஆளுநர்களின் கையில்தான் அரியணையும் இருக்கிறது. 2019இல் எமிரின் ஆளுகைப் பகுதியான கானோ எமிரகம் ஒரு சட்டத்தின் மூலம் ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. மறு ஆண்டு, மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநரான எமிர் முஹம்மது சனூசி நீக்கப்பட்டு, அமினு அடோ பயேரோ அமர்த்தப்பட்டார். மாநில ஆட்சி மாறிய பின், 2024 மே மாதத்தில் அந்தச் சட்டம் நீக்கப்பட்டுச் சனூசி மீண்டும் எமிரானார், பயேரோவோ விட்டுக்கொடுக்கவில்லை. ஒரே நகரில் இரு எமிர்கள் இருவேறு அரண்மனைகளில் அமர்ந்தனர், வழக்குகள் தொடர்ந்தன. வெறும் காட்சியாக இருந்திருந்தால் யார் தலைமையிலாவது ஊர்வலத்தை நடத்தி முடித்திருப்பார்கள். ஊர்வலத்துக்குத் தலைமை ஏற்பவரே எமிர் என்று ஊர் கொள்ளும் என்பதை இரு தரப்பும் அறிந்திருந்ததால்தான், மோதலுக்கு அஞ்சிய காவல்துறை அதைத் தடை செய்தது.

தென்மேற்கு நைஜீரியாவில் யோருபா மக்கள் வாழும் பகுதியிலும் விழாதான் மன்னரை மக்களோடு பிணைக்கிறது. இஜேபு ஓடே நகரில் தியாகத் திருநாளுக்குப் பின் மூன்றாம் நாள் நடைபெறும் ஒஜூடே ஓபா விழாவில், வயதுக் குழுக்களாகப் பிரிந்த மக்கள் குழுவுக்கொரு சீருடையில் வந்து அவுஜாலே என்னும் தங்கள் மன்னரை வணங்குகின்றனர். இஸ்லாமியர்கள் மன்னருக்கு நன்றி கூறத் தொடங்கிய இவ்விழாவில் இன்று கிறிஸ்தவர்களும் பங்கேற்கின்றனர். 1960 முதல் 2025 ஜூலையில் மறையும்வரை அவுஜாலேயாக இருந்த சிகிரு அடெடோனாவும் 1980களில் மாநில ஆளுநரோடு மோதி அரியணையை இழக்கும் நிலைவரை சென்றவர்தான்.

கானோ ஊர்வலம் ஆண்டு தவறாமல் நடைபெறுவதாகக் கட்டுரை கூறுவதையும் திருத்த வேண்டுகிறேன். யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது 2024 டிசம்பரில். காவல்துறையின் தடை அதே ஆண்டு ஜூனில் வந்தது, 2025 நோன்புப் பெருநாளுக்கும் நீடித்தது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தஞ்சாவூர்.