தம்பியின் மறதி

அன்புள்ள சுடலை,

உன் கடிதம் கிடைத்தது. தாராவியில் எல்லோரும் சுகம் என்றது நிம்மதி. இங்கேயும் சுகமே.

"பழசெல்லாம் ஞாபகம் இருக்கு, நேத்துச் சொன்னது மட்டும் மறக்குதோ? தம்பி நடிக்கானா?" என்று கேட்டிருந்தாய். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. நடிக்கலைல. பம்புசெட் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே வீடு முழுக்கத் தேடுகிறான். ஆனால் கடன்காரர்கள் வந்த அன்று எவன் செருப்போடு திண்ணையில் ஏறினான், என்ன சொன்னான் என்பதை வார்த்தை பிசகாமல் சொல்கிறான். இந்த இரண்டும் மனச்சோர்வு என்ற ஒரே நோயின் வேலைதான்.

பயமோ கவலையோ வந்தால் சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கும். கொஞ்ச நேரத்துக்கு அது நல்லது. ஆபத்தை மனதில் பதிய வைக்கும். மாதக்கணக்கில் நீடித்தால்தான் கெடுதல். அன்றாட ஞாபகங்களைப் பதியும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸில் இந்த ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பிகள் ஏராளம். 1968இல் புரூஸ் மெக்யூவன் என்ற அமெரிக்க விஞ்ஞானி எலிகளிடம் இதைக் கண்டார். கார்ட்டிசால் மிஞ்சும்போது கடிவாளம் போடுவதிலும் அந்தப் பகுதிக்குப் பங்குண்டு. அது நலிந்தால் கடிவாளமும் தளர்கிறது.

பெங்களூரில் சுமந்திர சட்டர்ஜி என்ற மூளை விஞ்ஞானியின் குழு 2002இல் வெளியிட்ட ஆய்வு என்னை உலுக்கியது. எலிகளைத் தினம் 2 மணி நேரம், 10 நாள் அசையவிடாமல் வைத்தார்கள். ஹிப்போகேம்பஸ் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கின. பயத்தின் ஞாபகத்தைக் காக்கும் மூளைப் பகுதியான அமிக்டலாவில் கிளைகள் வளர்ந்தன. 2004இல் வெளியிட்ட அடுத்த ஆய்வில், இளைப்பாற விட்டு 21 நாள் கழித்துப் பார்த்தபோதும் அமிக்டலாவின் வளர்ச்சி வடியவில்லை. சாவி மறந்து செருப்பு நிற்பது ஏன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. எலியை வைத்து மனுசனை அப்படியே அளக்க முடியாதுதான்; மனச்சோர்வு வந்த எல்லோருக்கும் கார்ட்டிசால் கூடுவதுமில்லை. ஆனாலும் இது சோம்பலோ திமிரோ இல்லை என்பது நிச்சயம்.

தேறவும் வழி இருக்கிறது. குஷிங் நோயில் கார்ட்டிசால் மிதமிஞ்சிச் சுரக்கும். அதைக் குறைத்த பிறகு, சுருங்கியிருந்த ஹிப்போகேம்பஸ் ஓரளவு மீண்டும் பெருத்ததைக் கண்டிருக்கிறார்கள். தம்பிக்கு மாத்திரை, தூக்கம், நடை மூன்றும் தவறக் கூடாது. சாயங்காலம் ஆற்றங்கரை வரை நான் கூட்டிப் போகிறேன். செவ்வாய்க்கிழமை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கும் நானே கூட போகிறேன்.

ஒன்று மட்டும் உன்னால்தான் ஆகும். "மண்டையில களிமண்ணா இருக்கு?" என்று உங்க அம்மை ஏசுகிறாள். அவன் முகம் செத்துப்போகிறது. நான் சொன்னால் கேட்க மாட்டாள், மூத்தவன் நீ சொன்னால் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை போன் போட்டுப் பேசு. தம்பியிடமும் பேசு, கடன் பேச்சை மட்டும் எடுக்காதே.

அன்புடன்,
இசக்கி
அம்பாசமுத்திரம்