வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: லிப்ட் வேலையும் ஒயில் கணக்கும்

அன்பான வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

எங்கள் கராஜில் உழவு மிசின்களின் (டிராக்டர்) லிப்டைத் திருத்துகிறோம்; பின்னால் பூட்டிய கலப்பையைத் தூக்கி இறக்குகிற பகுதிதான் லிப்ட். அந்த வேலையைப் பற்றிக் கிண்ணியாவில் இருந்தும் தம்பலகாமத்தில் இருந்தும் ஒரே கதைதான் எங்கள் காதுக்கு வருகிறது: "அந்தக் கராஜுக்கு லிப்ட் வேலைக்குப் போனால் முதலில் ஒயில்தான் விற்பார்கள். 30 லிட்டர் ஊற்றி, அது போதாதென்று பிறகு இன்னொரு 30 லிட்டர்." மூதூர்ப் பக்கம் இது குரல் பதிவாகவே சுற்றுகிறதாம். பெரும்போக உழவுக்கு மிசின்கள் வந்து வரிசையில் நிற்கிற ஆவணியில் இப்படியொரு பேச்சு. பேசாமல் இருந்தால் அதுவே உண்மை என்றாகிவிடும் என்பதால்தான் இந்த மடல்.

மெசி பேர்கசன் மிசின்களில் 35, 135, 240 எந்த மொடலாக இருந்தாலும் லிப்டுக்கென்று தனி ஒயில் கிடையாது. கியர்பெட்டி, பின்சில்லுகளுக்கு ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிபரென்சல், லிப்ட் எல்லாமே ஏறத்தாழ அந்த 30 லிட்டரில்தான் ஓடுகின்றன. லிப்டைத் தூக்குகிற நாலு பிஸ்டன் பம்ப் அந்த ஒயிலுக்குள்ளேயே அமிழ்ந்து கிடக்கிறது. 1946 இல் வந்த சாம்பல் நிற பேர்கசன் டி.ஈ. 20 மிசின் காலத்தில் இருந்தே இந்த அமைப்புத்தான். இதில் கவனிக்க வேண்டியது, கட்டுப்பாட்டு வால்வ் பம்ப் தள்ளுகிற பக்கத்தில் இல்லை, உறிஞ்சுகிற பக்கத்தில் இருக்கிறது. அந்த வால்வ் மூடியபடி இறுகிப்போனால் பம்புக்கு ஒயிலே கிடைக்காது. பம்ப் நல்லாக இருந்தும் லிப்ட் எழும்பாது. "பம்ப் போய்விட்டது" என்று எங்களிடம் வருகிற மிசின்களில் பல உண்மையில் இந்தக் கேஸ்தான்.

வால்வ் ஏன் இறுகுகிறது? தண்ணீர். சேறடிக்கும்போது பின்சில்லு அச்சுவரை புதைகிறது. தேய்ந்த அக்சில் சீல் (அச்சில் கசிவைத் தடுக்கும் வளையம்), பின்னால் பூட்டும் கருவிகளைச் சுற்றவைக்கும் பீ.ரீ.ஓ. தண்டின் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். மாரியில் மிசினை வெளியே விட்டால், கியர் கம்பின் அடியில் உள்ள ரப்பர் கிழிந்திருப்பதே போதும், ஒரு இரவு மழையில் வேண்டிய அளவு இறங்கிவிடும். ஒயிலும் தண்ணீரும் பல்சக்கரத்தில் அடிபட்டு பால்தேத்தண்ணி நிறத்துக்கு வரும். ஒரு போகம் முழுக்க அப்படியே ஓட்டி, பிறகு இரண்டு மாதம் நிறுத்திவைத்தால் வால்வின் தண்டில் துரு. அதை இறுகவிடாமல் சதா அசைத்துக்கொண்டிருக்க ஒரு ஒசிலேட்டர் உள்ளே இருக்கிறது. ஆனால் மிசின் நிற்கும்போது அதுவும் நிற்கும்தானே.

இப்போது அந்த இரண்டாவது 30 லிட்டருக்கு வருவோம். அடியில் உள்ள வடிகால் பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றி, சூட்டோடு இறக்கினாலும், இரண்டு பக்க அக்சில் குழாய்களிலும் கியர்களுக்கு இடையிலும் அந்தப் பழைய பால்நிற ஒயில் ஒட்டிக்கொண்டே இருக்கும். புது ஒயில் ஊற்றி ஒரு மணித்தியாலம் ஓட்டிப் பாருங்கள், அதுவும் மங்கலாகிவிடும். அதனால்தான் முதல் தடவை அதே தரத்தில் விலை குறைந்த ஒயிலை ஊற்றி, 10 முதல் 15 மணித்தியாலம் லேசான வேலைக்குப் பாவித்துவிட்டு வாருங்கள் என்கிறோம். அதோடு மிச்சத் தண்ணீரும் துருத் தூளும் இறங்கிவிடும். பிறகு பம்போடு இருக்கிற உறிஞ்சு வலையைக் கழுவிப் பூட்டி நல்ல ஒயில் ஊற்றுவோம். டீசல் ஊற்றிக் கழுவலாமே என்று கேட்கிறார்கள். டீசலுக்கு வழுவழுப்புப் போதாது. கியர்கள் சுமையோடு சுற்றும்போது அது பேரிங்குக்குக் கூடாது. முதல் 30 லிட்டருக்கு நாங்கள் இலாபம் வைப்பதில்லை. பற்றுச்சீட்டில் கொள்விலையே இருக்கும், கேட்டால் கடைச் சிட்டையையும் காட்டுவோம். 2022 இல் ரூபாய் விழுந்ததில் இருந்து ஒயில் வாங்குவது எங்களுக்கும் கைச்சுடுதான். ஒயில் தெளிவாக இருந்தால் மாற்றச் சொல்ல மாட்டோம். அப்படி எத்தனையோ பேரை வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறோம், அதை மட்டும் ஒருவரும் பதிவு போட்டுச் சுற்றவிடுவதில்லை.

சரி, கோபம் போகட்டும். மிசினை ஏற்றிக்கொண்டு வருவதற்கு முன் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை சில இருக்கின்றன.

லிப்ட் ஒரேயடியாக எழும்பவில்லை என்றால் முதலில் பீ.ரீ.ஓ. கம்பைப் பாருங்கள். நியூட்ரலில் கிடந்தால் பம்ப் சுற்றாது. இது தெரியாமல் கந்தளாயில் இருந்து லொறியில் ஏற்றி வந்தவர்கள் உண்டு. கம்பைப் போட்டும் பின்னால் உள்ள தண்டு சுற்றவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் கிளட்சில், லிப்டில் அல்ல. இரட்டைக் கிளட்ச் உள்ள மிசினில் மிதியை முழுக்க அமுக்கினால் பம்பும் நிற்கும், பாதிவரை அமுக்கினால் ஓட்டம் மட்டும் நிற்கும். அடுத்தது ஒயில் மட்டம். சமதரையில், மிசினை நிறுத்தி, தூக்கிக் கொட்டுகிற திப்பர் பெட்டி பூட்டியிருந்தால் பெட்டியைக் கீழே இறக்கிவிட்டுப் பாருங்கள். பெட்டி தூக்கியிருக்கும்போது ஒரு பங்கு ஒயில் அதன் சிலிண்டரில் நிற்கும், ஒயில் அளவுக் கம்பியின் கோடு பொய் சொல்லும்.

கம்புகளின் விடயமும் இருக்கிறது. லிப்டுக்கு இரண்டு கம்புகள்: மண்ணின் இழுவைக்கு ஏற்பக் கலப்பையின் ஆழத்தை வைப்பது டிராப்ட், குறித்த உயரத்தில் நிறுத்துவது பொசிஷன். கலப்பை உழவில் டிராப்ட் கம்பைப் பாவிக்கும்போது பொசிஷன் கம்பு டிரான்ஸ்போர்ட் இடத்தில் (தூக்கியபடி ஓட்டிச் செல்லும் இடம்) இருக்க வேண்டும். பொசிஷனில் வேலை செய்யும்போது டிராப்ட் கம்பு மேலே. டிரான்ஸ்போர்ட்டைத் தாண்டி கொன்ஸ்டன்ட் பம்பிங்கில் (பம்ப் நிற்காமல் தள்ளும் இடம்) தள்ளிவிட்டு மறந்தால் மிஞ்சிய அழுத்தத்தை வெளிவிடுகிற ரிலீவ் வால்வ் கத்திக்கொண்டே இருக்கும், ஒயில் கொதிக்கும். அது பெட்டி தூக்குவதற்கு மட்டும் உள்ள இடம்.

எழும்புகிறது, ஆனால் மேலே நின்று தலையாட்டுகிறது என்றால் தூக்கிய ஒயில் எங்கோ கசிகிறது. கலப்பை கொஞ்சம் இறங்கும், பம்ப் திரும்பத் தூக்கும், அதுதான் அந்த ஆட்டம். தூக்கிவைத்து எஞ்சினை நிறுத்துங்கள். மெதுவாக இறங்குவது பழைய மிசினுக்குச் சாதாரணம். பொத்தென்று விழுந்தால் சிலிண்டர் பிஸ்டனின் ரிங், பம்பில் இருந்து லிப்டின் மேல்மூடிக்குப் போகிற குழாயின் ஓ ரிங், பம்பின் வால்வுகள் இவற்றில் ஒன்று. காலையில் குளிரோடு நன்றாகத் தூக்கி, பத்து மணிக்குச் சூடானதும் சோர்ந்தால் தேய்மானம் என்று எடுத்துக்கொள்ளலாம், ஒயில் இளகினால் இடைவெளி வழியே ஓடிவிடும். இந்தச் சோதனைகளின்போது தூக்கிய கலப்பைக்குக் கீழே காலோ கையோ வைக்க வேண்டாம், மரக்குற்றி முட்டுக் கொடுங்கள்.

உழவில் மட்டும் துள்ளுகிறது, தூக்கும்போது ஒன்றும் இல்லை என்றால் பின்னால் டொப் லிங்க் (கலப்பையின் மேல்பக்கத்தை மிசினோடு இணைக்கும் கம்பி) பூட்டுகிற இடத்தில் உள்ள பெரிய ஸ்பிரிங்கைப் பாருங்கள். கையால் முன்னும் பின்னும் தள்ளினால் துளியும் ஆடக்கூடாது. இதை இறுக்கிக் கொடுத்தே பலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

மேல்மூடியைக் கழற்றுவது கடைசி வேலை. அதற்கு முன் கேஜ் பூட்டி அழுத்தம் பார்ப்போம். மொடலைப் பொறுத்து 2500 முதல் 3000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) வரை எழும்ப வேண்டும். அது வந்தால் பம்பைத் தொட மாட்டோம். மூடியைத் திரும்ப வைக்கும்போது, உள்ளே தொங்குகிற நெம்புகள் பம்பின் உருளையோடு சரியாகச் சேர வேண்டும். வலப்பக்க மூடியைத் திறந்து கையால் பிடித்துக் கொடுத்தே இறக்குவோம். அது தவறினால் லிப்ட் ஒன்று எழும்பவே எழும்பாது, அல்லது இறங்கவே இறங்காது. வேறு இடத்தில் பூட்டி வருகிற மிசின்களில் இதைத்தான் அடிக்கடி காண்கிறோம், குறையாகச் சொல்லவில்லை.

மூத்த பாஸ் (மெக்கானிக்) கட்டாருக்குப் போனதால் விதைப்பு முடியும்வரை வட்டைக்கு (வயலுக்கு) வந்து பார்ப்பது இல்லை, கேஜ் சோதனைக்கும் சிறு கட்டணம் உண்டு.

பக்கத்து ஊர்களில் கராஜ் இருந்தும் தலைமுறையாக எங்களிடமே வருகிற அண்ணன்மார், காக்காமார், தம்பிமார் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பேச்சு வந்தபோது எங்களுக்காக வாய் திறந்தவர்களுக்கு இன்னும் கூடுதலாக.

ஒயில் கெட்டதா என்று எங்கள் வாயை நம்ப வேண்டாம். மிசினை ஒரு இரவு அசையாமல் நிறுத்துங்கள். விடிந்ததும் ஸ்டார்ட் பண்ணாமல், பின்பக்க வடிகால் பிளக்கை மெல்லத் தளர்த்தி முதலில் வருகிற ஒரு கோப்பையைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து இறுக்கிவிடுங்கள். அடியில் தண்ணீர் தனியாக நின்றால், அல்லது முழுக்க வெள்ளையாக இருந்தால், அந்தப் போத்தலோடு வாருங்கள். தெளிவாக இருந்தால் மிசினை மட்டும் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
கராஜ் உரிமையாளரும் வேலையாட்களும்
திருகோணமலை