விடுமுறை நாளில் வேலை: இரட்டைச் சம்பளம் கைக்கு வந்ததா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மே தினத்தன்று தொழிலாளர்களுக்கு விடுமுறை கொடுக்காத கடைகள், ஓட்டல்கள் மீது தொழிலாளர் துறை நடவடிக்கை எடுத்த செய்தியைத் தங்கள் நீலகிரிப் பக்கத்தில் படித்தேன். குடியரசு தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என எது வந்தாலும் அடுத்து இதே மாதிரி நாலு வரிச் செய்தி வரும். ஆய்வு நடந்தது, வழக்குப் போட்டார்கள் என்பதோடு முடிந்துவிடும். அன்றைக்கு வேலை பார்த்தவருக்கு என்ன கிடைக்க வேண்டும், கிடைத்ததா என்று ஒரு வார்த்தை இருக்காது. குன்னூர், ஊட்டி லாட்ஜுகளில் சம்பளக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகள்) சட்டப்படி ஆண்டுக்கு 9 நாள் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நான்கும் எல்லோருக்கும் பொது. மீதி 5 நாள் பண்டிகைகளுக்கு. எந்தப் பண்டிகை என்பதை முதலாளி, தொழிலாளர் இரு தரப்பையும் கேட்டு முடிவு செய்ய வேண்டும். கடை, ஓட்டல், தங்கும் விடுதி, தொழிற்சாலை, தேயிலைத் தோட்டம் எல்லாமே இதில் அடக்கம். விடுமுறை நாளில் ஆளைக் கூப்பிடவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவித்துவிட்டுக் கூப்பிடலாம். வந்து வேலை பார்த்தால் இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் அன்றைய சம்பளமும் வேறொரு நாளில் சம்பளத்துடன் மாற்று விடுமுறையும். இரண்டில் எது வேண்டும் என்று சொல்ல வேண்டியவர் தொழிலாளி.

சமவெளியில் கடை சாத்துகிற நாளில்தான் எங்கள் மலையில் கூட்டம். மே 1 சீசனின் நடுவில் வருகிறது. ஆகஸ்ட் 15 சனி, ஞாயிறோடு ஒட்டிக்கொண்டால் ஊட்டியில் அறை கிடைக்காது. அன்றைக்கு லாட்ஜைப் பூட்டச் சொல்ல முடியாது, சரி. ஆனால் அறை வாடகை, டாக்சி எல்லாவற்றுக்கும் சீசன் ரேட் போடுகிறோமே, காலை ஆறு மணிக்கு வந்து படுக்கை விரிப்புகளை உருவிப் போடுகிற அம்மாவுக்கு மட்டும் ஏன் வழக்கமான கூலி?

வருகைப் பதிவேட்டில் மே மாதப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 1-ஆம் தேதிக் கட்டத்திலும் எல்லார் பெயருக்கும் நேராக, வேலைக்கு வந்தார் (பிரசென்ட்) என்பதற்கான ஒரு ‘பி’ இருக்கும். 2-ஆம் தேதியும் அதே ‘பி’. அன்று விடுமுறை என்பதற்கு அந்தப் பக்கத்தில் ஓர் அடையாளமும் இருக்காது. மாதக் கடைசியில் கட்டங்களை எண்ணிச் சம்பளம் போடும்போது அந்த நாள் மற்ற நாட்களோடு கரைந்துவிடும். யாராவது கேட்டால், ‘சீசன் முடியட்டும், பார்த்துக்கலாம்’ என்பார்கள். சீசன் முடிந்தால் ஜூன் மழை. அறைகள் காலி. ‘ரெண்டு வாரம் ஊருக்குப் போயிட்டு வாங்க’ என்று அனுப்பிவிடுவார்கள், அதற்குச் சம்பளமும் கிடையாது. என் வருத்தமெல்லாம் இங்கேதான். தொழிலாளிக்குச் சம்மதம் என்றால், மே மாதத்தில் கொடுக்க முடியாத மாற்று விடுமுறையை அந்த மழை நாட்களில் சம்பளத்தோடு கொடுக்கலாமே. முதலாளிக்கு அதில் என்ன கஷ்டம்?

‘இரட்டைச் சம்பளம்’ என்றதும் சிறு முதலாளிகள் பயந்துவிடுகிறார்கள். மாதம் 13,000 ரூபாய் வாங்குகிறவரை எடுத்துக்கொள்வோம். வார விடுமுறை போக 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளுக்கு 500 ரூபாய். விடுமுறை நாளுக்குரிய ஒரு பங்கு மாதச் சம்பளத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. வேலை பார்த்ததற்காக மேலே கொடுக்க வேண்டியது இன்னொரு 500. ஒன்பது நாளும் விடாமல் வேலை பார்த்தாலும் ஆண்டுக்கு 4,500 ரூபாய்தான். சீசனில் ஒரு நல்ல அறை ஓரிரு நாளில் சம்பாதித்துக் கொடுக்கிற தொகை அது.

தேயிலைத் தோட்டத்து அம்மாக்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் அத்துப்படி. கூடலூர், பந்தலூர் பக்கம் போய்க் கேளுங்கள். தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோலில் பெயர் ஏறினால் 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பள லீவு என்பதை விரல் விட்டுச் சொல்வார்கள். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் கொடுத்தது அது. சங்கங்கள் சொல்லிச் சொல்லிப் பதிய வைத்தன. (2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் 20-க்கு ஒன்று என்பது அப்படியே இருக்கிறது.) அவர்களுடைய பிள்ளைகள்தான் இன்று லாட்ஜிலும் ரெஸ்டாரண்டிலும் நிற்கிறார்கள். அங்கே சங்கம் இல்லை, சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லை. ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்திருக்கிற பையன்களின் நிலை இன்னும் மோசம். அவர்களுடைய பண்டிகை எது என்று கேட்டு அந்த ஐந்து நாளை முடிவு செய்த இடத்தை நான் பார்த்ததில்லை.

தொழிலாளர் துறைக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறை நாளன்று ஆய்வு செய்கிற அதிகாரிகள், அடுத்த மாதம் அதே இடத்துக்குப் போய்ச் சம்பளப் பதிவேட்டையும் பார்க்க வேண்டும். அபராதம் அரசுக்குப் போகிறது. வேலை பார்த்தவருக்கு அதில் ஒரு ரூபாய்கூட வராது. அப்புறம், என்னைப் போலக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு: அந்த ஒன்பது தேதிகளையும் ஜனவரியிலேயே பதிவேட்டில் சிவப்பு மையால் வட்டமிட்டுவிடுங்கள்.

தங்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஆகஸ்ட் 15-க்கு ஒரு வாரம் முன்பு, இந்த விதியையும் 500 ரூபாய்க் கணக்கையும் நீலகிரிப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டமாக, கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். ஆட்கள் தங்கும் அறைகளின் கதவில் ஒட்டுவதற்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர், குன்னூர்