தானியங்கிக்குக் காவல் வேலை போதும்

சுங்கை சிப்புட் நகருக்கும் சுற்றுத் தோட்டங்களுக்குமாகப் புதிய டெலிகிராம் குழுவைத் தொடங்கியிருக்கும் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

குழு கலகலப்பாகத் தெரியட்டும் என்று அரைமணிக்கொரு செய்தி போடும் தானியங்கியை, அதாவது ஆள் இல்லாமல் தானே இயங்கும் ‘பாட்’ கணக்கைச் சேர்த்திருக்கிறீர்கள். நாளுக்கு 48 பதிவுகள். நடுவில் ஓர் அம்மா, “நாளைக்குப் பள்ளி பஸ் வருமா?” என்று கேட்டால், பதில் தெரிந்தவர் திறந்து பார்ப்பதற்குள் கேள்வி எங்கோ மேலே போயிருக்கும். இரண்டாம் நாளே பலர் குழுவின் சத்தத்தை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தியதை யாரும் தேடிப்போய்த் திறப்பதில்லை. பிறகு வெள்ள எச்சரிக்கை போட்டாலும் எட்டாது.

2005இல் ரெடிட் என்ற இணைய விவாதத் தளம் தொடங்கியபோது நிறுவனர்களே பல பெயர்களில் பதிவிட்டார்களே என்பீர்கள். உண்மைதான், நிறுவனர்களில் ஒருவரான ஸ்டீவ் ஹஃப்மனே அதைச் சொல்லியிருக்கிறார். ஆனால் எதைப் போடுவது என்று அங்கே பொறுக்கி எடுத்தவர்கள் மனிதர்கள். தவிர, யார் யாருக்கு மச்சான் என்று எல்லாருக்கும் தெரிந்த நம் ஊரில் போலிப் பெயர் ஒரு வாரம் தாங்காது.

முதல் மூன்று மாதம் தானியங்கிச் செய்திகளை அடியோடு நிறுத்துங்கள். பஸ் ஓட்டுநர், கிளினிக் மிஸ்ஸி, தோட்டத்துக் கிராணி, கோயில் கணக்குப்பிள்ளை என விஷயம் தெரிந்த இருபது பேரை நேரில் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் எந்தக் கேள்விக்கும் யாராவது பதில் சொல்லும்படி உங்களுக்குள் முறை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் பேசமாட்டார்கள். இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006இல் எழுதிய கணக்கில், நூறு பேரில் 90 பேர் படிப்பதோடு சரி, 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் விடாமல் எழுதுவார். 300 பேர் குழுவில் மூவர். இரைச்சல் தாங்காமல் அந்த மூவர் போய்விட்டால் மிச்சமிருப்பது தானியங்கி மட்டுமே.

தானியங்கிக்கேற்ற வேலை வாசலில் இருக்கிறது. சேரும் இணைப்பில் நிர்வாகி அனுமதியைக் கட்டாயமாக்கினாலே பாதிக் குப்பை நின்றுவிடும். ஆங்கிலப் புதிர் போட்டு, விடை சொல்லாதவரை ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் தானியங்கி மட்டும் வேண்டாம். அது முதலில் விரட்டுவது நம் பாட்டிகளைத்தான். புதியவரின் முதல் பதிவில் இணைப்பு இருந்தால் தானியங்கி அழிக்கட்டும். அதற்குப் பதிவை நீக்கும் உரிமையும் ஆளைத் தடைசெய்யும் உரிமையும் போதும். புதிய நிர்வாகிகளைச் சேர்க்கும் உரிமையைக் கொடுக்கவே கூடாது. சாதாரணமாகத் தனக்கு வரும் கட்டளைகளையும் பதில்களையும் மட்டுமே பார்க்கும் தானியங்கி, நிர்வாகியானதும் எல்லாப் பதிவுகளையும் படிக்கும். இதைக் குழுவில் சொல்லிவிடுங்கள். தானியங்கிகளை உருவாக்கித் தரும் டெலிகிராமின் பாட்ஃபாதர் கொடுத்த டோக்கனை, அதாவது உங்கள் தானியங்கியை இயக்கும் ரகசியச் சாவியைக் குழுவில் ஒட்டிவிடாதீர்கள். கசிந்தால் பாட்ஃபாதரிடமே ரத்து செய்து புதியது எடுக்கலாம்.

காசு கொடுத்துச் சேர்த்த உறுப்பினர்கள் இருந்தால் வெளியேற்றுங்கள். எண்ணிக்கை விழும், விழட்டும். வாரத்தில் எத்தனை வெவ்வேறு ஆட்கள் எழுதினார்கள் என்பதை மட்டும் குறித்து வாருங்கள். ‘நீக்கப்பட்ட கணக்கு’ என்று காட்டுபவற்றிலிருந்து தொடங்கினால் களையெடுப்பு சீக்கிரம் முடியும்.

இப்படிக்கு,
ஊர்க் குழுக்களைப் பராமரிக்கும் சிலர்